இத்தாலிப் பயணம்: ஏற்பாடுகளின் ஆயிரம் ஆண்டு வரலாறு

கேன்டர்பரி பேராயர் சிகெரிக் கி.பி. 990இல் ரோமுக்குப் போனார். போப்பாண்டவர் கையால் பல்லியம் என்னும், தோளில் அணியும் கம்பளிப் பட்டியைப் பெற்றால்தான் பேராயர் பதவி முழுமை பெறும். அதைப் பெற்றுக்கொண்டு நாடு திரும்பிய வழியில் அவர் தங்கிய இடங்களின் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டன. ரோமில் தொடங்கி ஆங்கிலக் கால்வாய்க் கரையில் முடியும் அந்தப் பட்டியலில் 79 ஊர்கள் இருக்கின்றன: வித்தெர்போ, சியெனா, லூக்கா, பியாச்சென்சா, பாவியா, ஆவோஸ்தா, பிறகு ஆல்ப்ஸ் மலை. எந்த ஊரில் என்ன சாப்பிட்டார், படுக்கை எப்படி இருந்தது என்ற குறிப்பு ஒன்றும் கிடையாது. ஆனாலும் இன்று எங்கே தங்கலாம், நாளை எங்கே தங்கலாம் என்ற கேள்விக்கு விடை சொல்லும் தாள் அது. இத்தாலிப் பயணத் திட்டங்களில் இன்று நம் கைக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அந்தப் பாதைக்கு வியா பிராஞ்சிஜெனா என்று பெயர். 1994இல் ஐரோப்பிய அவை அதைப் பண்பாட்டு வழியாக அறிவித்தது. இன்றும் அதில் மக்கள் நடக்கிறார்கள்.

சிகெரிக் போன்ற பெரியவர்களுக்குப் பின்னால் எளிய யாத்திரிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1300இல் போப் எட்டாம் போனிபாஸ் முதல் புனித ஆண்டை அறிவித்தார். புனித பேதுரு, புனித பவுல் பேராலயங்களை ரோம் வாசிகள் 30 நாளும் வெளியூரார் 15 நாளும் சந்தித்தால் பரிபூரண பலன், அதாவது பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை, கிடைக்கும் என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு டைபர் ஆற்றுப் பாலத்தில் கூட்டத்தைப் போவோர் வருவோர் என இரண்டாகப் பிரித்து நடக்க வைத்ததைக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் குறிப்பிடுகிறார். முதலில் நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த புனித ஆண்டு பிறகு ஐம்பதாகி, 1475 முதல் இருபத்தைந்தாகக் குறைந்தது. ஒவ்வொரு தலைமுறைக்கும் வாழ்நாளில் ஒரு முறையேனும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பது அதன் காரணம்.

பதினைந்து நாள் தங்க வேண்டும் என்ற விதியால் தங்குமிடம் பெரிய கேள்வியானது. அதற்கு விடையாக எழுந்தவை நாடுவாரியான யாத்திரிகர் இல்லங்கள். ஆங்கிலேயர் 1362இல் ரோமில் ஒரு வீட்டை வாங்கித் தங்கள் நாட்டு யாத்திரிகருக்கு இல்லமாக்கினார்கள். ஜெர்மானியருக்கு சாந்தா மரியா தெல் அனிமா இருந்தது. வழியில் சியெனா நகரத்துப் பேராலயத்துக்கு எதிரே சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற மருத்துவமனை வருவோருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தது. யாத்திரிகருக்கு வயது தடையாக இருக்கவில்லை. முதியவர்கள் உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். திரும்பி வருவது உறுதியில்லை என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி.

எல்லாச் செலவும் சேர்த்து ஒரே தொகை என்ற இன்றைய சுற்றுலா ஒப்பந்தத்தின் மூதாதையும் இக்காலத்து இத்தாலியில்தான் கிடைக்கிறது. எருசலேமுக்குப் போகும் யாத்திரிகர்கள் 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் கப்பல் ஏறினார்கள். கப்பல் தலைவனுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வது வழக்கம். இருவேளை உணவு, சுங்கம், புனித நாட்டில் கழுதை வாடகை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். பேரம் முடிக்க உதவும் மொழிபெயர்ப்பாளர்களையும் தலைவன் ஒப்பந்தத்தை மீறினால் கேட்கும் அதிகாரிகளையும் வெனிஸ் அரசே நியமித்திருந்தது. ஊல்ம் நகரத்துத் துறவி பெலிக்ஸ் பாபிரி 1480இலும் 1483இலும் இந்த வழியில் போய் ஒப்பந்த விவரங்களை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

புண்ணியத்துக்காக இல்லாமல் பார்ப்பதற்காகவே இத்தாலிக்குப் போகும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் வேர்விட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580இல் புறப்பட்டபோது அவருக்கு 47 வயது. சிறுநீரகக் கல் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலிக்கு வந்து, லூக்காவுக்கு அருகிலுள்ள வெந்நீர் ஊற்றுகளில் நெடுநாள் தங்கி, எத்தனை குவளை நீர் குடித்தார், எத்தனை கல் வெளியேறியது என்பதையெல்லாம் நாட்குறிப்பில் பதிந்தார். ரோம் நகர வாயிலில் அவருடைய நூல்களைத் தணிக்கைக்காக எடுத்துச் சென்றார்கள். அவற்றுள் அவரே எழுதிய கட்டுரை நூலும் இருந்தது. நடுவயதைக் கடந்தவர், நோயுள்ளவர், அவசரமில்லாதவர் ஒருவர் இத்தாலியை எப்படிப் பார்ப்பார் என்பதற்கு மொந்தேனின் குறிப்பேடு நல்ல சான்று. பிடித்த ஊரில் கூடுதலாக இருந்தார், வழியை நினைத்தபடி மாற்றினார். அடுத்த இருநூறு ஆண்டுகளில் வந்த இளைஞர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிட்டவில்லை.

அந்த இளைஞர்கள் போனதைத்தான் வரலாறு ‘கிராண்ட் டூர்’ என்கிறது. ரிச்சர்ட் லாசெல்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக ஐந்து முறை இத்தாலிக்குப் போனவர். அவர் இறந்தபின் 1670இல் வெளிவந்த இத்தாலிப் பயண நூலில்தான் அந்தச் சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. படிப்பு முடிந்த பிரபு வீட்டு மகன், கூட ஓர் ஆசிரியர், ஒரு வேலைக்காரன். இரண்டு மூன்று ஆண்டு ஊர் சுற்றல். பாரிஸில் பிரெஞ்சும் நடனமும் கற்று, ஆல்ப்ஸைத் தாண்டி, தூரின், பிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், வெனிஸ் என்று போய்த் திரும்ப வேண்டும். லத்தீன் பாடத்தில் படித்த இடங்களை நேரில் பார்ப்பது நோக்கம் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. திட்டம் போட்டது தந்தை, பணம் கொடுத்ததும் தந்தை. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று ஆசிரியர் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பயணத்தின் கடினமான பகுதி மலை. பிரான்ஸிலிருந்து வருவோர் மோன் செனி கணவாயைக் கடந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே வண்டிப்பாதை இல்லை. மலையடிவாரத்தில் வண்டியை அக்கக்காகக் கழற்றி, கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி, மறுபக்கத்தில் மீண்டும் பூட்டுவார்கள். பயணியைக் கம்புகளில் கட்டிய நாற்காலியில் உட்கார வைத்து மலைவாசிகள் முறைமாற்றித் தூக்கிப் போவார்கள். 1739 நவம்பரில் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் தன் நண்பர் கவிஞர் தாமஸ் கிரேயுடன் இந்த வழியில் போனபோது, அவருடைய சிறிய நாய் டோரியை ஓநாய் ஒன்று பட்டப்பகலில் கவ்விக்கொண்டு போய்விட்டது. நெப்போலியன் தன் படைகளுக்காகப் போட்ட சாலைகள்தான் இந்த நிலையை மாற்றின. சிம்ப்ளான் கணவாய்ச் சாலை 1805இல் முடிந்தது, மோன் செனி சாலை சில ஆண்டுகள் கழித்து. பீரங்கி போக வெட்டிய பாதையில் பிறகு குடும்பங்கள் போயின.

மலையைத் தாண்டினால் நாட்காட்டி. எந்த மாதம் எந்த ஊர் என்பது அன்றைய இத்தாலிப் பயணத் திட்டத்தின் முதுகெலும்பு. இலையுதிர் காலத்தில் மலையைக் கடந்து பிளாரன்ஸ் சேர வேண்டும். குளிர்காலம் ரோமிலும் நேப்பிள்ஸிலும். தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டமும் பாஸ்கா வாரமும் ரோமில். ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவுக்குள் வெனிஸ் போய்விட்டால், அந்நகரத் தலைவர் பொன் படகில் ஏறிக் கடலில் மோதிரம் எறிந்து கடலை மணக்கும் சடங்கைப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ரோம் பக்கமே போகக் கூடாது. அதற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை, மலேரியா. ‘கெட்ட காற்று’ என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லே இந்த நோயின் பெயர். ரோமைச் சுற்றியிருந்த சமவெளியிலும் பொந்தீனோ சதுப்பு நிலத்திலும் கோடையில் இரவு தங்கியவர்கள் மடிந்தார்கள். வண்டியில் தூங்காமல் சதுப்பைக் கடக்க வேண்டும் என்று வழிகாட்டி நூல்கள் எச்சரித்தன. நோயைப் பரப்புவது காற்று இல்லை, கொசு என்று விளங்க 19ஆம் நூற்றாண்டின் முடிவுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு ரோமில் ஜொவான்னி பத்திஸ்தா கிராசியும் அவருடன் ஆய்ந்தவர்களும் மனிதருக்கு மலேரியாவைக் கொண்டு வருவது அனாபிலிஸ் கொசு என்று நிறுவினார்கள். சதுப்பு வடிகட்டப்பட்டது 1930களில்.

இன்று ஒரே நாடாக இருக்கும் இத்தாலி அன்று பல நாடுகள். சவாய் மன்னரின் பியெத்மாந்தே, ஆஸ்திரியர் கையிலிருந்த மிலான், வெனிஸ் குடியரசு, ஜெனோவா குடியரசு, பார்மா, மொதெனா, தொஸ்கானா, போப்பின் ஆட்சிப் பகுதி, நேப்பிள்ஸ் அரசு என்று நீளும் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனிச் சுங்கச்சாவடி, தனிக் காசு. ரோமில் ஸ்கூதோ, நேப்பிள்ஸில் துகாத்தோ, வெனிஸில் செக்கீனோ. கொள்ளைநோய்க் காலத்தில் நோயற்ற ஊரிலிருந்து வருவதாகச் சான்றுச் சீட்டும் காட்ட வேண்டும். கடிகாரமும் வேறு. பல இத்தாலிய நகரங்கள் நாளைச் சூரியன் மறைந்ததிலிருந்து 24 மணியாக எண்ணின. 1786இல் வந்த ஜெர்மன் கவிஞர் கோதே இதைப் புரிந்துகொள்ள வெரோனாவில் ஒரு ஒப்பீட்டு வட்டமே வரைந்துகொண்டார்.

கையில் பொற்காசு கொண்டு போனால் வழிப்பறி. ஆகவே லண்டன் வங்கியரிடம் பணம் கட்டி, பிளாரன்ஸிலோ ரோமிலோ உள்ள அவருடைய கூட்டாளியிடம் காட்டிப் பெற்றுக்கொள்ளும் கடன் கடிதம் வாங்கினார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல்தாண்டிய வணிகத்தில் கையாண்ட உண்டியலும் இதே வேலையைச் செய்ததுதான். குறிப்பிட்ட ஊரில் மட்டும் செல்லும் கடன் கடிதத்தின் குறையை, ராபர்ட் ஹெரிஸ் என்ற வங்கியர் 1770களில் பல ஊர்களிலும் மாற்றக்கூடிய சுற்றுச்சீட்டுகளை அறிமுகம் செய்து போக்கினார். பிற்காலத்துப் பயணிகள் காசோலைக்கு முன்னோடி அது.

வண்டிக்கு வெத்தூரீனோ. ஊர்விட்டு ஊர் வண்டி ஓட்டும் இந்த ஒப்பந்தக்காரன் இத்தாலியப் பயணக் குறிப்புகள் அத்தனையிலும் வருகிறான். அஞ்சல் வண்டி வேகமானது, ஒவ்வொரு சாவடியிலும் குதிரை மாறும், செலவும் அதிகம். வெத்தூரீனோ அதே குதிரைகளை ஓட்டிக்கொண்டு நாளுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டான். ஆனால் அவனிடம் ஒரு தொகை பேசி முடித்தால் வண்டி, இரவு விடுதி, உணவு எல்லாம் அவன் பொறுப்பு. சத்திரக்காரனுடன் பயணி பேரம் பேச வேண்டியதில்லை. பிளாரன்ஸிலிருந்து ரோமுக்கு இவனுடைய வண்டியில் ஐந்தாறு நாள் ஆகும். அவசரக்காரர் இவனைச் சபித்தார்கள். பெண்கள், முதியவர்கள், நோயாளிகள் இவனையே நாடினார்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கு, நல்லபடி சேர்ந்தபின் இனாம் கொடு என்பது எல்லா நூல்களும் சொன்ன புத்திமதி.

ஊர் சேர்ந்தபின் எதைப் பார்ப்பது என்று சொல்லச் சிச்செரோனே என்ற உள்ளூர் வழிகாட்டி இருந்தார். ரோமில் ஜேம்ஸ் பயர்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தத் தொழிலில் பேர்பெற்றவர். 1764இல் அவருடன் ரோமைச் சுற்றிய வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், பதினெட்டு வாரம் நாள்தோறும் பார்த்ததில் கவனம் களைத்துப்போனதாக எழுதினார். பதினெட்டு வாரம் என்பது ரோம் ஒன்றுக்கு மட்டும். இன்று மூன்று நாளில் ரோமை முடிக்கத் திட்டமிடுவோர் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். நேப்பிள்ஸ் அருகே எரிமலையில் புதைந்த பழைய நகரங்களான எர்கொலானோவில் 1738இலும் பொம்பெயில் 1748இலும் அகழாய்வு தொடங்கியபின் நேப்பிள்ஸ் கட்டாய நிறுத்தமானது. ரோமில் ஓவியர் பொம்பெயோ பாத்தோனியிடம் தன் உருவப்படம் வரைந்துகொள்வதும், வெனிஸில் கனலெத்தோவின் ஓவியம் வாங்குவதும் பயணப் பட்டியலில் சேர்ந்தன. ஆங்கிலேயர் வீடுகளின் சுவர்களில் அவை இன்றும் தொங்குகின்றன.

1796இல் நெப்போலியன் படை இத்தாலிக்குள் இறங்கியதும் இந்தப் போக்குவரத்து நின்றது. அடுத்த ஆண்டு வெனிஸ் குடியரசே மறைந்தது. 1815இல் போர் ஓய்ந்து வழி திறந்தபோது வந்த கூட்டம் வேறு. பிரபு வீட்டு மகன்களுடன் வழக்கறிஞர், வணிகர், பாதிரியார் குடும்பங்கள். மனைவி, மகள், முதிய தாய். இவர்களுக்கு ஆசிரியர் கிடையாது, தந்தையின் தாராளப் பணமும் கிடையாது. என்ன செலவாகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். இந்தத் தேவையைப் புரிந்துகொண்டவர் ஒரு பெண்மணி.

மரியானா ஸ்டார்க்கின் தந்தை சென்னைக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்தவர். எழுத்துலகில் மரியானா முதலில் அறியப்பட்டதும் இந்தியாவைக் களமாகக் கொண்ட நாடகங்களுடன்தான். குடும்பத்தாரில் நோயுற்றவரைக் கவனித்தபடி 1792 முதல் 1798 வரை இத்தாலியில் வாழ்ந்தார். அந்த அனுபவத்தில் 1800இல் வெளியிட்ட கடித நூலைப் பின்னர் திருத்தித் திருத்திப் பயணிகளுக்கான முழுக் கையேடாக்கினார். 1820 முதல் லண்டன் பதிப்பாளர் ஜான் மரே அதை வெளியிட்டார்.

அவருக்கு முன் எழுதியவர்கள் சிலைகளைப் பற்றியும் தங்கள் உணர்ச்சிகளைப் பற்றியும் எழுதினார்கள். ஸ்டார்க் சலவைக் கூலியை எழுதினார். எந்த ஊரில் மாத வாடகை என்ன, சமையல்காரருக்கு எவ்வளவு, பால் என்ன விலை, எந்த நகரின் குளிர் நெஞ்சு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளும், எங்கே நல்ல மருத்துவர் இருக்கிறார் என்று அடுக்கினார். எடுத்துப்போக வேண்டிய பொருள்களின் பட்டியலும் கொடுத்தார்: ஈரப் படுக்கையிலிருந்து காக்க ஆட்டுத்தோல் விரிப்பு, தலையணை, கொசுவலை, எந்தக் கதவிலும் ஐந்து நிமிடத்தில் பூட்டக்கூடிய பயணப்பூட்டு, தேநீர்க் கெண்டி, கத்தி, துப்பாக்கி, லாவண்டர் எண்ணெய். ஓவியங்களையும் சிற்பங்களையும் தரம் பிரிக்க அவர் ஆச்சரியக்குறிகளைப் பயன்படுத்தினார். சிறந்ததற்கு ஒன்று, அதைவிடச் சிறந்ததற்கு இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போகும். இன்றைய நட்சத்திர மதிப்பீடுகளுக்கு அதுதான் வித்து. அவர் நூலில் விலையைப் பார்க்காமல் எதையும் வாங்காத ஆங்கிலப் பயணி ஒருவரைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் தன் நாவலில் காட்டும் அளவுக்குக் கையேடு பரவியது. 1838இல் பயணத்தின்போதே மிலானில் ஸ்டார்க் காலமானார். இத்தாலிப் பயணத்தைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டச் செய்ததில் அவருக்குள்ள பங்கு, அரண்மனை விருந்துகளைப் பற்றி எழுதிய எந்த ஆண் எழுத்தாளருக்கும் குறைந்ததில்லை. அவர் பெயர் மறக்கப்பட்டது வருத்தத்துக்குரியது.

அவர் போட்ட அடித்தளத்தில் பதிப்பாளர்கள் கட்டினார்கள். ஜான் மரே நிறுவனம் வட இத்தாலிக்கான சிவப்பு அட்டைக் கையேட்டை 1842இல் வெளியிட்டது. ஜெர்மனியின் கார்ல் பெடேக்கர் நிறுவனம் 1860களில் இத்தாலியை வடக்கு, நடு, தெற்கு என மூன்று நூல்களாக்கிக் கொடுத்தது. நகர வரைபடம், ரயில் நேரம், விடுதிக்கு நட்சத்திரம் எல்லாம் கைப்பைக்குள் வந்தன. பெடேக்கர் இல்லாமல் பிளாரன்ஸ் தேவாலயத்தில் தவிக்கும் இளம் பெண்ணை 1908இல் இ. எம். பாஸ்டர் தன் நாவலில் வைத்தார். வாசகர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

தண்டவாளம் வந்ததும் தூரம் சுருங்கியது. இத்தாலியின் முதல் ரயில் 1839 அக்டோபரில் நேப்பிள்ஸிலிருந்து பொர்த்திச்சிக்கு ஓடியது. 1846இல் கடல்மேல் கட்டிய பாலம் வெனிஸ் தீவை நிலத்துடன் இணைத்தது. 1861இல் இத்தாலி ஒரே அரசானது, அடுத்த ஆண்டு நாடு முழுதும் லீரா, 1870இல் ரோமும் சேர்ந்தது. சுங்கச்சாவடிகளும் காசு மாற்றும் தொல்லையும் ஒழிந்தன. 1871இல் மோன் செனி கணவாய்க்கு அருகில் சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்தது. வால்போலின் நாயை ஓநாய் கவ்விய மலைத்தொடரை இப்போது இருக்கையில் உட்கார்ந்தபடி கடந்தார்கள். 1882இல் காட்ஹார்ட், 1906இல் சிம்ப்ளான் சுரங்கங்கள்.

இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் நேர்த்தொடர்பு ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான். சூயஸ் கால்வாய் திறந்ததற்கு அடுத்த ஆண்டான 1870 முதல், லண்டன்–பம்பாய் அஞ்சல் இத்தாலியின் தென்கிழக்குத் துறைமுகமான பிரிந்தீசி வழியாகப் போனது. பணிக்காலம் முடிந்து தாயகம் திரும்பிய ஆங்கில அதிகாரிகள் பலர் அங்கே இறங்கி, ரயிலில் இத்தாலி முழுதும் பார்த்துக்கொண்டே போனார்கள். 1878இல் முதன்முறை இங்கிலாந்துக்குப் போன ரவீந்திரநாத் தாகூர் ஐரோப்பிய மண்ணில் முதலில் கால்வைத்ததும் பிரிந்தீசியில்தான்.

ஆங்கிலேயச் சுற்றுலா ஏற்பாட்டாளர் தாமஸ் குக் 1864இல் தன் முதல் இத்தாலிக் குழுவை அழைத்துப் போனார். 1868இல் விடுதிச் சீட்டைக் கொண்டு வந்தார். லண்டனில் பணம் கட்டிச் சீட்டு வாங்கினால், இத்தாலிய விடுதியில் அதைக் கிழித்துக் கொடுத்துத் தங்கலாம். சில ஆண்டுகளில் சுற்றுச்சீட்டும் அவர் நிறுவனத்தின் பெயரில் வந்தது. வெத்தூரீனோ ஒரு வண்டி அளவில் செய்ததை குக் ஒரு கண்டம் அளவில் செய்தார். மேட்டுக்குடியினருக்கு ஆத்திரம். லா ஸ்பெசியாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர் 1865இல் குக்கின் பயணிகளை மந்தை என்று ஏசினார். ஆசிரியைகளும் எழுத்தர்களும் சிறுகடைக்காரர்களும் பிளாரன்ஸ் தெருவில் நடப்பதே அவருக்குப் பொறுக்கவில்லை. இந்த வாதத்தில் நியாயம் முழுக்கக் குக்கின் பக்கம்தான். ஓவியத்தைப் பார்க்கப் பிறப்பு ஒரு தகுதியாகாது.

உடல் தளர்ந்தவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டு செய்த நன்மையை வெசூவியஸ் மலையில் காணலாம். சாம்பலில் கால் புதையும் அந்த எரிமலை உச்சிக்கு முன்பெல்லாம் முடியாதவர்களை நாற்காலியில் தூக்கிப் போனார்கள். 1880இல் சரிவில் கம்பி இழுக்கும் ரயில் வந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அதைக் குக் நிறுவனமே வாங்கியது. 1944 வெடிப்பில் அழியும்வரை, இடையிடையே சேதப்பட்டும் பழுது பார்க்கப்பட்டும் ஓடியது.

இத்தாலியர் தங்கள் நாட்டைத் தாங்களே சுற்றிப் பார்க்கத் தொடங்கியது தாமதமாகத்தான். 1894இல் மிலானில் 57 சைக்கிள்காரர்கள் கூடித் தொடங்கிய சங்கம் தூரிங் கிளப் இத்தாலியானோ. 1914 முதல் அது வெளியிட்ட சிவப்புக் கையேடுகள் ஒவ்வொரு மாநிலத்தையும் ஊர் ஊராக எழுதின. அயலார் எழுதியவை எட்டாத நுணுக்கம் அவற்றில் உண்டு. அரசின் சுற்றுலா நிறுவனம் 1919இல் பிறந்தது. 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. 1964இல் மிலான்–நேப்பிள்ஸ் விரைவுச்சாலை முடிந்தது.

பணி ஓய்வு பெற்ற தம்பதி என்ற பயணி வகை உருவாக வேண்டுமானால் ஓய்வூதியம் வேண்டும். ஜெர்மனி 1889இலும் பிரிட்டன் 1908இலும் 70 வயதானவர்களுக்கு அதைச் சட்டமாக்கின. ஆனால் அந்தத் தொகை சிறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓய்வூதியமும் ஆயுளும் கூடியபோது, கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் உள்ள முதியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். இங்கிலாந்தின் போக்ஸ்டன் கடற்கரையில் விடுதி வைத்திருந்த சிட்னி டி ஹான் இதைத் தொழிலாக்கிய முன்னோடிகளில் ஒருவர். கோடை முடிந்தால் விடுதி காலி. ஓய்வு பெற்றவர்களுக்கோ கோடையும் குளிரும் ஒன்று. 1951இல் அவர் தொடங்கிய, பிறகு சாகா என்று பெயர் பெற்ற நிறுவனம் பருவமில்லாப் பருவத்தில் மலிவு விலையில் முதியவர்களை அழைத்துப் போனது. நாளடைவில் வெளிநாடுகளுக்கும். அமெரிக்காவில் 1975இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எல்டர்ஹோஸ்டல் அமைப்பு தொடங்கியது. மாணவர் விடுமுறையில் காலியாகும் அறைகளில் 60 வயதைத் தாண்டியவர்கள் தங்கிப் படிக்கும் திட்டம் அது. சில ஆண்டுகளில் அதுவும் கடல் கடந்தது. இத்தாலிய ரயில்வே 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ‘வெள்ளி அட்டை’ என்ற பெயரில் சலுகை கொடுத்தது.

இவ்வகையில் இத்தாலிப் பயணம் முதியவர்களிடம் திரும்பி வந்தது. பழைய நாட்காட்டியும் கூடவே வந்தது. ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களே ரோமுக்கு உகந்தவை என்று இன்று ஓய்வு பெற்றவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனை, மலேரியாவுக்கு அஞ்சிய 18ஆம் நூற்றாண்டுப் பயணியின் அட்டவணையோடு ஜூலை, ஆகஸ்டைத் தவிர்ப்பதில் ஒத்துப்போகிறது. கிராண்ட் டூர் இளைஞனிடம் இருந்த பெருஞ்செல்வம் நேரம். அது இன்று இளைஞரிடம் இல்லை, அறுபதைக் கடந்தவர்களிடம்தான் இருக்கிறது. அந்தப் பயணத்தின் உண்மையான வாரிசுகள் அவர்களே.

எல்லையும் காசும் இப்போது பிரச்சினை இல்லை. 1997 அக்டோபரில் ஷெங்கன் உடன்பாடு இத்தாலியில் நடைமுறைக்கு வந்தது. ஒரே விசாவில் பல நாடுகளைக் கடக்கலாம். 2002இல் 1,936.27 லீராவுக்கு ஒன்று என்ற கணக்கில் யூரோ நோட்டு கைக்கு வந்தது. வெத்தூரீனோ ஐந்தாறு நாள் ஓட்டிய பிளாரன்ஸ்–ரோம் தூரத்தை விரைவு ரயில் சுமார் ஒன்றரை மணியில் கடக்கிறது. திட்டமிட வேண்டியதாக எஞ்சியிருப்பது நுழைவு நேரம். இருபதாண்டுக்கு மேல் நடந்த சீரமைப்புக்குப் பின் 1999இல் திறந்த லியோனார்தோவின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தின் முன்னால் ஒரு குழு நிற்க 15 நிமிடம்தான். அதற்குச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். ரோமின் பொர்கேசே கலைக்கூடத்தில் இரண்டு மணி நேரம். கிப்பன் பதினெட்டு வாரம் எடுத்துக்கொண்ட நகரத்தில் இன்று கூட்டமே கடிகாரத்தை வைத்திருக்கிறது.

வெனிஸ் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. அதன் பழைய நகரத்தில் நிரந்தரமாகக் குடியிருப்போர் 50,000க்குக் கீழே குறைந்துவிட்டனர். காலையில் வந்து மாலையில் போகும் கூட்டமோ குறையவில்லை. 2024 ஏப்ரல் 25 முதல், நெரிசல் மிகுந்த நாள்களில் பகலில் மட்டும் வந்து போவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை நகராட்சி தொடங்கியது. அந்த ஆண்டு 29 நாள்களுக்கு அது நடப்பில் இருந்தது. ஊரில் ஓர் இரவாவது தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது.